பழுக்க வேண்டிய கை

பழக்கடைக்காரருக்கு டாக்டர்மேல் இருந்த மரியாதை ஒரே நாளில் போனது.

சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டதால், டயாலிசிஸ் செய்ய அவர் கழுத்தில் குழாய் செருகியிருந்தார்கள். அதில் தண்ணீர் படக்கூடாது. தலைக்கு ஊற்றிக் குளித்து மாதக்கணக்காகிவிட்டது. தன் தலை தனக்கே பழைய சாக்குபோல நாறுவதுதான் அவருடைய பெரிய துக்கம். இதற்கு மாற்றாக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த டாக்டர் சொன்னார்: "இந்த நரம்பு பெருத்து நல்லாப் பழுக்கணும். பழுத்தா இதுலயே ஊசி போடலாம், கழுத்துக் குழாயை எடுத்துடலாம்."

"எப்பப் பழுக்கும் டாக்டர்?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. சிலது பழுக்காமலேயும் போகும்."

வெளியே வந்ததும் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "பழுக்கிற நாள் சொல்லத் தெரியல, இவரெல்லாம் ஒரு டாக்டர். நான் சொல்றேன், வர்ற செவ்வாய்க்கிழமை."

செவ்வாய் வந்தது, போனது. கையை முகர்ந்தார், தட்டினார், காதில் வைத்துக் கேட்டார். உள்ளே ரத்தம் உர்ரென்று ஓடியது. "இன்னும் செங்காய்தான்" என்று உதட்டைப் பிதுக்கினார்.

பிறகு, அடம்பிடிக்கும் காய்க்குக் கடையில் என்ன செய்வாரோ அதையே செய்தார். கையைச் செய்தித்தாளில் சுற்றி, சாக்கைப் போர்த்தி, சணலால் இறுக்கிக் கட்டி, துணைக்கு இரண்டு வாழைப்பழத்தையும் உள்ளே செருகிக்கொண்டு மதியம் படுத்துவிட்டார்.

மனைவி பார்த்துப் பதறிக் கட்டை அறுத்துக் காதை வைத்தாள். "என்னங்க, சத்தத்தையே காணோம்?"

அவர் அலறியடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ஆட்டோவில் போகும்போது வழியெல்லாம் கையை மடியில் ஏந்திக்கொண்டு அழுதார்.

டயாலிசிஸ் நர்ஸ் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டாள். "லேசா ஓடுது. தப்பிச்சீங்க. இறுக்கினா ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கும்னு சொன்னோமே? பந்தை அமுக்கிப் பயிற்சி செய்யச் சொன்னோமே, செஞ்சீங்களா?"

"இல்லம்மா. அமுக்கினா நசுங்கி வீணாப் போயிடும்னு நெனச்சேன்."

"அமுக்கச் சொன்னது பந்தைத்தானே?"

நர்ஸ் அவருடைய முழங்கையிலிருந்து ஒரு வாழைப்பழத் தோலை உரித்தெடுத்தாள்.

அன்றிலிருந்து பந்தும் கையுமாக இருந்தார். நாள் குறிப்பதை விட்டுவிட்டார். பயம்தான் காரணம். நரம்பு தன் பாட்டுக்குப் பெருத்தது. ஒருநாள் டாக்டர் ஸ்கேன் பார்த்துத் தலையாட்டினார். அந்தக் கையிலேயே டயாலிசிஸ் சரியாக நடந்தது. கழுத்துக் குழாயை எடுத்துப் புண்ணும் ஆறிய பிறகு, குளியலறைக்குள் போனவர் தொட்டி காலியாகும்வரை வெளியே வரவில்லை. மனைவி கதவைத் தட்டி ஓய்ந்துபோனாள்.

மறுநாள் கடையில் ஒருவர் பப்பாளியைத் தூக்கிக்கொண்டு கேட்டார். "அண்ணே, இது என்னைக்குப் பழுக்கும்?"

பழக்கடைக்காரர் ஈரத்தலையைத் தடவிக்கொண்டார். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. சிலது பழுக்காமலேயும் போகும்."

வந்தவர் பப்பாளியை வைத்துவிட்டு நகர்ந்தார். "பழுக்கிற நாள் சொல்லத் தெரியல, இவரெல்லாம் ஒரு பழக்கடைக்காரர்."