மாடி வீட்டுக் கம்ப்யூட்டரும் என் வயிற்றெரிச்சலும்

செல்லூரில் ஒரே வீட்டில் கீழே நானும், மாடியில் என் ஓரகத்தி சுமதியும் இருக்கிறோம். இருவருமே அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துத் தருகிறோம். அவள் தன் கம்ப்யூட்டரில் மெமரியைக் கூட்டியதிலிருந்து, எனக்கு வரவேண்டிய வேலைகள் மாடிப்படி ஏறத் தொடங்கின. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனம் வரவில்லை. நானே ராம் என்கிற மெமரி அட்டை ஒன்று வாங்கிவந்து, வீடியோ பார்த்து, பழையதன் பக்கத்தில் மாட்டினேன்.

கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் பறந்தது. பிறகு திரை அப்படியே உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டாலும் அதே கதைதான். மாலைக்குள் அச்சுக்குப் போகவேண்டிய பத்திரிகையை நான் சேமிக்கவும் இல்லை.

வேறு வழியின்றி சுமதியைக் கூப்பிட்டேன். அவள் பழைய ராமைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்து ஓட்டினாள். அதன்பின் ஒருமுறைகூட நிற்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலக்கா. எனக்கும் ரெண்டு நாளு இப்படித்தான் நின்னுச்சு" என்றாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க டிசைன்ல எம்புட்டு கெட்டிக்காரி! உங்ககிட்ட வந்து நிக்க ரோசமா இருந்துச்சுக்கா."

பத்திரிகையை முதலிலிருந்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்து முடித்தோம்.

என் பொறாமை ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். போன வாரம் அவள் பெரிய திரை வாங்கியபோதும் வயிறு எரிந்தது. ஆனால் இப்போதெல்லாம் அந்த எரிச்சலோடேயே மாடிக்குப் போய், எந்தக் கடை, என்ன அளவு, என்னுடையதற்குப் பொருந்துமா என்று கேட்டுவிடுகிறேன்.