காமாக்ஷி17, காமாக்ஷி71

மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் மிளகு வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் மாதுரி பதினான்கு வருஷமாக வேலை பார்த்துவந்தாள். திங்கட்கிழமைதோறும் மிளகு விலையை வாடிக்கையாளர்களுக்கு ஈமெயிலில் அனுப்புவது அவள் பொறுப்பு. ஆயிரத்து எண்ணூறு முகவரிகள். ஒருவர் முகத்தையும் அவள் கண்டதில்லை.

இந்த ஜூனில் கம்பெனி வேறு மெயில் சேவைக்கு மாறியது. முதலாளி வெங்கிடேஸ்வரன் அவள் மேசையருகே வந்து நின்றார்.

"பழேசு ஒண்ணும் போகப்படாது, கேட்டயா? முதல்ல காப்பி எடுத்து வெச்சுண்டு அப்பறம் தொடு."

"ரெண்டு காப்பி எடுக்கறேன் ஸார். ஒண்ணு பென் டிரைவில."

எடுத்தாள். பட்டியலைப் புது மெயிலில் ஏற்றினால் மலையாளத்தில் எழுதிய பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக நின்றன. யுனிகோடில் சேமித்து மறுபடி ஏற்றியதும் பெயர்கள் திரும்பி வந்தன. முதலாளியின் போனில் இருந்த முகவரிகளையும் சேர்த்துக்கொண்டு, செத்துப்போன முகவரிகளை நீக்க ஆரம்பித்தாள். இரண்டு தடவை வந்தவற்றை ஒன்றாக்கினாள்.

அப்போதுதான் கம்ப்யூட்டர் ஒரு ஜோடியைக் காட்டி, இரண்டும் ஒருவர்தானா, சேர்க்கலாமா என்று கேட்டது. காமாக்ஷி17, காமாக்ஷி71.

விரல் பொத்தான்வரை போய் நின்றது. விசிட்டிங் கார்டுப் பெட்டியைத் துழாவினாள். முதலாளியின் போனிலிருந்து வந்தது 17; திருநெல்வேலி காமாக்ஷி மசாலா மில்லின் கார்டிலும் 17 என்றே இருந்தது. விலைப்பட்டியலோ ஒன்பது வருஷமாக 71க்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணைத் திருப்பிப் போட்டது வேறு யாருமில்லை, அவளேதான்.

தவறைவிட அதிகமாக இன்னொன்று அவளை அரித்தது. யார் இந்த 71? சம்பந்தமில்லாத மிளகு விலையை ஒன்பது வருஷம் வாங்கிக்கொண்டு, நிறுத்துங்கள் என்று ஒரு வரிகூட எழுதாத ஆள்?

நீங்கள் யார், மெயிலை நிறுத்தவா என்று தன் போன் நம்பரையும் போட்டு 71க்கு எழுதினாள். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது போன் வந்தது.

"நாகர்கோவில்லேர்ந்து காமாக்ஷி பேசுதேன். கணக்கு டீச்சர். மெயில நிறுத்திராதீங்கம்மா. எட்டாம் வகுப்புக்கு நான் கிராப் சொல்லிக்குடுக்கது உங்க மிளக வச்சுதான்."

"மிளகையா!"

"ஆமா. வாராவாரம் பிள்ளைங்க ஒரு புள்ளி வைப்பாங்க. புஸ்தகத்துக் கணக்குக்கெல்லாம் விடை பின்னால கெடக்கு. உங்க விலை அடுத்த வாரம் ஏறுமா எறங்குமான்னு எனக்கே தெரியாதுல்லா!"

மாதுரி சோற்றை மூடிவைத்துவிட்டு முதலாளி அறைக்குப் போனாள். "ஸார், எனக்கு ஒரு தெத்து பத்திப்போச்சு" என்று தன் தவறையும் டீச்சர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் முகம் சுருங்கியது. உடனே மில்லுக்குப் போன் போட்டார்.

"எங்கள மறந்துட்டீங்கன்னுல்லா நெனச்சோம்" என்றது அந்தப் பக்கம். "சரி, விலைய அனுப்புங்க, பாப்போம்."

போனை வைத்தவர் மாதுரியிடம் திரும்பினார். "அந்த டீச்சரோட கிராபை எனக்கு ஒண்ணு காணணுமே" என்றார்.

சாயங்காலம் படம் வந்தது. வகுப்புச் சுவர் நெடுக ஒட்டிய கட்டத்தாள்கள்; பல கைகள் வைத்த புள்ளிகள். வெங்கிடேஸ்வரன் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்த எறக்கம் எந்த வருஷமாக்கும்? நேக்கே மறந்துபோச்சு!"

பட்டியல் கடைசியில் ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தில் நின்றது. 17 தனி, 71 தனி. இரண்டாவதன் எதிரே, தொழில் என்ற இடத்தில், மாதுரி 'கணக்கு டீச்சர்' என்று அடித்தாள். திங்கட்கிழமை விலை போன பத்தாவது நிமிஷம் நாகர்கோவிலிலிருந்து பதில் வந்தது: ஏலக்காய்க்கும் இதுபோல் உண்டா?