கிளம்பியவுடன் கூட்டிய வீடு

இன்று காலை என் மகன் பெங்களூர் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனான். பாத்திரம் தேய்க்க வரும் பெண் வழக்கம்போலச் சீமாற்றை எடுத்தாள். அப்படியே வை, சாயங்காலம் கூட்டிக்கொள்ளலாம் என்றேன். இத்தனை குப்பையை வைத்துக்கொண்டா என்பதுபோல் பார்த்தாள். என் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் சாயங்காலம் வரை சீமாறு மூலையில்தான் நிற்கும். இதை எனக்குப் பழக்கியவள் என் அண்ணி.

அண்ணன் லாரி ஓட்டினார். எழுபதுகளின் கடைசியில் நாமக்கல்லில் அவர் கட்டிய வீட்டில்தான் நாங்கள் எல்லோரும் இருந்தோம். சிவப்பு சிமெண்ட் தரை, பின்னால் கிணறு, கிணற்றைத் தாண்டிச் சந்துக்குத் திறக்கும் ஒரு கதவு. அண்ணிக்கு ஆத்தூர். எங்களைப்போல ‘ஊடு’ என்று சொல்ல வராமல் ‘வீடு’ என்றே சொல்வாள்; நாங்கள் கேலி செய்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். அண்ணன் லோடு ஏற்றிக் கிளம்பும் நாளில் சீமாற்றைத் தொடமாட்டாள். ஆள் போனவுடன் கூட்டிக் கழுவுவது பிணம் எடுத்த வீட்டில்தான் என்பாள். லாரி இந்நேரம் தொப்பூர் மலைப்பாதையைத் தாண்டியிருக்கும் என்று தானே ஒரு கணக்குப் போட்டு, அதற்குப் பிறகுதான் கூட்டுவாள். அண்ணன் திரும்பி வராத அந்தக் கடைசி லோடு கிளம்பிய அன்றைக்கும் அவள் கூட்டவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்பாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விற்றுவிட்டு மேச்சேரிப் பக்கம் இருந்த எங்கள் மானாவாரிக் காட்டுக்கே போய்விடலாம் என்றார். பிள்ளை இல்லாததால் அண்ணியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்றும் முடிவாயிற்று. இதை அவளிடம் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. அவள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே எங்களுக்குள் பேசிக்கொண்டோம். வீடு எப்போது விலைபோகிறதோ அப்போது அவள் போகவேண்டும். தெரிந்தும், அந்த வீட்டை விலைபோகிற மாதிரி வைத்திருந்தவள் அவள்தான்.

விடிவதற்குள் வாசல் தெளித்துவிடுவாள். தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் தரையைத் தேய்ப்பாள். ஒட்டடை அடிப்பாள், பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளுவாள். அண்ணன் ஊரிலிருந்து வந்தால் சாய்ந்து உட்காரும் சுவரில் அவர் தலையெண்ணெய் ஒரு வட்டமாகப் படிந்திருந்தது. அதைப் பார்த்தால் விலையைக் குறைப்பார்கள் என்றார் வீட்டுத் தரகர். அண்ணி சுண்ணாம்பு கரைத்து அடித்தாள். காய்ந்ததும் எண்ணெய் மேலே வந்துவிட்டது. மறுபடி அடித்தாள், மறுபடியும் வந்தது. அது அடங்கும்வரை அடித்தாள். அவள் முகத்தில் ஒன்றுமில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மரத்துப்போன கால்மாதிரி நாங்கள் பாட்டுக்குக் கிடந்தோம்.

தரகர் இன்னொன்றும் சொன்னார். “ஏனுங்க, ஊடு பாக்க வர்றவங்க படியேறுறப்ப மருமகப் பொண்ணு எதுக்க வர வேண்டாமுங்க. சகுனம் பாப்பாங்க.” அப்பா தலை குனிந்துகொண்டார். அடுப்படியில் அண்ணி காதில் விழுந்திருக்கும். ஆட்கள் வரும் நேரம் தெரிந்தால் அவளே பின்கட்டுக்குப் போய்விடுவாள். அவர்கள் கிணற்றைப் பார்க்க வந்தால் கதவைத் திறந்து சந்தில் போய் நிற்பாள். சாமான்களை ஒதுக்கி வைப்பதோடு தன்னையும் ஒதுக்கி வைப்பது அவள் வேலையாகிவிட்டது. பத்தாவது படித்துக்கொண்டிருந்த நான் பொட்டும் பூவுமாகத் தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நிற்பேன்.

கடைசியாகச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்தம்மாள் ஜன்னல் கம்பிகளை விரலால் தடவிப் பார்த்தார். தூசியில்லை. கிணற்றடியில் நின்று, வீட்டை இவ்வளவு நறுவிசாக வைத்திருப்பது யார் என்று கேட்டார்.

“எம் பொண்ணுதானுங்க” என்றாள் அம்மா.

அந்தம்மாள் என் கன்னத்தைத் தொட்டு, கட்டிக்கொள்ளப் போகிறவன் கொடுத்துவைத்தவன் என்றார். சந்துக் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி நின்றிருந்தாள். அவர்கள் போனபிறகு உள்ளே வந்தவள், முடிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டாள்.

புது ஆட்கள் பால் காய்ச்ச நல்ல நேரம் பார்த்திருந்த காலையில், அதற்கு முன்பே அண்ணியை அழைத்துப்போக அவளுடைய தம்பி வந்தார். இருட்டோடு எழுந்து வீட்டைக் கழுவித் துடைத்திருந்தாள். ராத்திரி மழை பெய்திருந்ததால், அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது செம்மண் காலடிகள் கூடம் முழுக்கப் பதிந்தன. படியிறங்கிய அண்ணி திரும்பி அந்தத் தரையைப் பார்த்தாள். எங்களைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

“பாப்பா, நான் போனதும் கூட்டித் துடைச்சிடு. அவங்க வர்ற நேரமாச்சு.”

நான் அம்மாவைப் பார்த்தேன். வேண்டாம், அவள் பஸ் ஏறட்டும் என்று அம்மா சொல்வாள் என நினைத்தேன். அம்மா மூலையிலிருந்த சீமாற்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். அண்ணி தெருமுனை திரும்புவதற்குள் நான் பாதிக் கூடம் கூட்டியிருந்தேன்.

இப்போது மணி நாலாகப்போகிறது. மகன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் வந்துவிட்டது. இனிக் கூட்டலாம். தீபாவளிக்கு வருவான். அண்ணி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வா என்று நாங்கள் யாரும் கூப்பிடவும் இல்லை.