ஆபத்துப் பதிவேட்டில் அக்கா இல்லை

உப்பேரி நடுவில் இருக்கும் எங்கள் தீவுக்குப் பாலம் கட்ட வந்தவர்கள் என்னைப் பாதுகாப்பு மேற்பார்வையாளனாக வைத்துக்கொண்டார்கள். டிப்ளமோ படித்த உள்ளூர்க்காரன், ஊரைச் சமாளிப்பான் என்ற நினைப்பு. மஞ்சள் ஹெல்மெட் ஏறியதும் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

ஆபத்துப் பதிவேடு எழுதுவது என் வேலை. ஒவ்வொரு ஆபத்தும் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வேலையை நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். தற்காலிகத் தூண்களை வெட்டி எடுத்த இடத்தில் தண்ணீருக்கடியில் கம்பி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. எங்கள் பெண்கள் இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடி கையால் இறால் தடவிப் பிடிப்பது அங்கேதான். யாருக்காவது அடிபட்டதா என்று வீடு வீடாகக் கேட்டேன். இல்லவே இல்லை என்றார்கள். என் அக்கா காலில் துணி சுற்றியிருந்தாள்.

"இன்னாக்கா கால்ல?"

"சிப்பி கிழிச்சிச்சுடா. போயி வேலையப் பாரு."

ஒன்று என்று போட்டேன். இன்ஜினியர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அக்கா சர்க்கரை வியாதிக்காரி. பதினைந்து நாளில் பாதம் கறுத்துவிட்டது. படகில் ஏற்றிக் கரை சேர்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் உண்மையைச் சொன்னாள். கிழித்தது கம்பி. இன்னும் ஐந்தாறு பெண்களுக்கும் கிழித்திருக்கிறது. கூடிப் பேசி வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். சொன்னால் வேலை நிற்கும், நின்ற சர்க்கார் வேலை திரும்ப ஆரம்பித்து எங்கள் ஊர் பார்த்ததில்லை. அக்காவின் புருஷன் நெஞ்சுவலியோடு, படகு பாதி ஏரி தாண்டுவதற்குள் செத்துப்போனவர்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இன்றைக்கே எழுதுகிறேன் என்று கத்தினேன்.

"எழுதாதடா! பாலமும் நின்னுப்போச்சுன்னா என் காலு போனதுக்கு இன்னாடா அர்த்தம்?" என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் எழுதவில்லை. இன்ஜினியரிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். "எழுத்துல இருந்தாத்தான்பா ஏதாவது செய்ய முடியும்" என்றார். பெண்கள் இன்றும் அங்கேதான் இறங்குகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், "எழுதலயே?" என்று கேட்கிறாள் அக்கா. இல்லை என்கிறேன். "நல்லாருடா" என்று என் தலையைத் தடவிக்கொடுக்கிறாள். அங்கேயே செத்துவிடலாம் போலிருக்கிறது.