பறியைக் கடித்திருந்த வாய்

மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் செத்துப்போக வேண்டும் என்ற நினைப்பு என்னை விடவில்லை. மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் டாக்டர் அதைப் பற்றிக் கேட்பார். கதவுக்கு வெளியே வரிசையில் நிற்பவர்கள் காதில் விழுமே என்று கூச்சப்பட்டு, "இல்லீங்க" என்பேன்.

ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும்போது, பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொள்வோம். அதனால் யாரும் பேசுவதில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. அத்தனை பேர் நடுவிலும் தண்ணீரில் தனியாகவே இருந்தேன்.

ஒருநாள் பக்கத்தில் தடவிக்கொண்டிருந்த அண்ணி, பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாடி, கை சும்மாவே கெடக்குது? சாவணும்னு இன்னும் தோணுதா?"

என் வாயில் பறி இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அண்ணியின் கையிலிருந்த பறி சாய்ந்து, பிடித்த இறாலெல்லாம் தண்ணீரோடு போயிற்று. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கு நானும் வரேன். டாக்டராண்ட இதையே சொல்லு. வாய் வரலன்னா அங்கயும் பறியக் கடிச்சிக்கினு தலையாட்டு."

மறுநாள் டாக்டர் கேட்டபோது அண்ணி என் கையைப் பிடித்திருந்தார்.

"ஆமாங்க" என்றேன்.

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு நாற்காலியை என் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.