பத்மா வெட்டாமல் விட்ட லேபிள்

செவ்வாய்க்கிழமை காலை காளிகாட் மெட்ரோவில் படியேறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பத்மாவின் கணவர். "அவ போயிட்டா, சுதா. இன்னிக்குக் கடையைத் திறக்காதே" என்றார். ஆனாலும் போய்த் திறந்தேன். வேறெங்கே போவது என்று தெரியவில்லை.

கடைக்கு வரும் நீங்களெல்லாம் வங்காள வழக்கப்படி 'பத்மாதி', பத்மா அக்கா, என்று கூப்பிட்டவளோடு லேக் கார்டன்ஸில் அந்தத் துணிக்கடையில் பதினொரு வருடம் நின்றவள் நான். சரக்கு வந்து இறங்கியதும் அவள் கத்தரியை எடுத்து உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு குர்த்தியின் கழுத்திலும் இருக்கும் சைஸ் லேபிளை வெட்டிப் போட்டுவிட்டு, அங்கே கலர் நூலில் ஒரு சின்னத் தையல். எந்த நூல் எந்த அளவு என்பது எங்கள் இருவருக்குத்தான் தெரியும். "செருப்பு நம்பரைச் சொல்லும்போது யாராவது அழறாளா? துணி நம்பருக்கு மட்டும் எதுக்குடி அழுகை?" என்பாள்.

ஒருமுறை துர்கா பூஜைக்குத் துணி எடுக்க வந்த பெண் ஒருத்தி டிரையல் ரூமை விட்டு வெளியே வரவே இல்லை. அவளைக் கூட்டி வந்த அத்தை, வாசல்வரை கேட்கும்படி 'மோட்டா', குண்டு என்று சொல்லியிருந்தாள். நல்ல பருமனான பத்மா, அதே நூல் போட்ட இன்னொரு குர்த்தியை மாட்டிக்கொண்டு கதவைத் தட்டினாள். "தேக், ஆமாரோ ஏடாய்!" பார், எனக்கும் இதேதான். உள்ளிருந்து மூக்கை உறிஞ்சியபடி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

போன பூஜைக்குப் பிறகு பத்மா இளைக்க ஆரம்பித்தாள். உங்களில் பலர் வாய் நிறையப் பாராட்டினீர்கள். உங்களை மட்டும் ஏன் சொல்கிறேன்? "என்னடி ரகசியம், எனக்கும் சொல்லேன்" என்று நச்சரித்தவள் நான். சாப்பாடு இறங்கவில்லை, வயிறு வலிக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். டாக்டரிடம் போகச் சொன்னேன்.

"போறேன், பொங்கல் ஆகட்டும். அம்பத்திரண்டு வயசுல இப்பதான் எல்லாரும் நன்னா இருக்கேன்னு சொல்றா. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேனே."

நான் சிரித்தேன்.

பொங்கலும் போய், நடக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "இவ்வளவு இளைத்ததை யாருமே பார்க்கவில்லையா?" என்று டாக்டர் கேட்டார். எல்லோரும்தான் பார்த்தோம். பார்த்துச் சந்தோஷப்பட்டோம். பாடையில் அவளைத் தூக்கும் முன்பு உறவுக்காரி ஒருத்தி, "கடைசில எவ்வளவு அழகா ஆயிட்டா!" என்றாள். அவளை அறையலாம் போல இருந்தது. ஆனால் நானும் கிட்டத்தட்ட அதைத்தானே சொல்லியிருந்தேன்.

பத்மா கடைசியாகக் கடையிலிருந்து எடுத்துப்போன கிளிப்பச்சைக் குர்த்தியை அவள் கணவர் என்னிடம் கொடுத்தார். பழக்கத்தில் கழுத்தைத் திருப்பி நூலைத் தேடினேன். நூல் இல்லை. லேபிள் இருந்தது. மீடியம். அவளுக்கு வாழ்நாளில் முதல்முறையாகப் பொருந்திய சைஸ். வெட்ட மனம் வரவில்லை போலிருக்கிறது.

அதை என் பீரோவில் வைத்திருக்கிறேன். எனக்கும் வெட்ட மனம் வரவில்லை. துக்கத்தில் நானும் சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று கடைக்கு வந்த ஒருத்தி, "இளைச்சிருக்கீங்களே, நல்லா இருக்கு" என்றாள். ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பத்மா.