சிப்பி மாமா

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீநிவாசராகவன் கிணற்றடியில் உட்கார்ந்து சிப்பி தொடுப்பார். காலி ஓட்டில் ஆணியால் ஓர் ஓட்டை, அதில் நைலான் கயிறு, கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்த ஓடு. வாய் ஏதாவது பாசுரத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். ஓடு ஒன்றுகூட வீட்டுப்படி ஏறக்கூடாது என்பது மனைவி பட்டுவின் சட்டம். அவரும் குளித்துவிட்டுத்தான் ஏறலாம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்தக் காலனி முழுவதற்கும் அவர் சிப்பி மாமா. முட்டுக்காட்டில் ஒரு கடலாராய்ச்சி நிலையத்தில் ஸ்டோர் கீப்பர். கயிறும் கூடையும் எடுத்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. கொடுத்த கயிறு என்ன ஆகிறது என்று பார்க்க ஒரு நாள் தண்ணீரில் இறங்கிய மனுஷர், இன்னும் கரையேறவில்லை என்பாள் பட்டு. சுண்ணாம்புக் காளவாய்க்காகச் சுரண்டிச் சுரண்டிக் காயலில் சிப்பிப் படுகையே இல்லாமல் போயிருந்தது. சிப்பிக் குஞ்சு ஒட்டி வளர ஒரு பழைய ஓடு வேண்டும். அதற்குத்தான் இந்த மாலைகள். கழி நட்டு, தண்ணீரில் தொங்கவிடுவார்கள்.

"ஒரு சிப்பி ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணியைச் சுத்தம் பண்றது தெரியுமோ? நம்மாத்து ஃபில்டரெல்லாம் அதுகிட்ட பிச்சை வாங்கணும்" என்று அகப்பட்டவரிடமெல்லாம் அளப்பார். அதன் ருசியைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் மட்டும், "பெருமாளே!" என்று காதைப் பொத்திக்கொள்வார்.

இந்தத் தையில்தான் முதல்முறையாகக் குஞ்சுகள் ஒட்டின. மிளகளவு. ஆபீசில் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். "பொண்ணு பொறந்தப்போகூட இப்படிக் குதிக்கலை" என்றாள் பட்டு.

சந்தோஷம் நிலைக்கவில்லை, பாவம். கால்வாய் வழியாகக் கறுப்புத் தண்ணீர் வந்து பாதிக் குஞ்சுகள் செத்துப்போயின. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஒரு நாள் பல்லவன் பஸ் பெரும்பாக்கத்தைத் தாண்டும்போது, ஓர் ஓடைக்குள் குழாயை விட்டுக் காலி செய்துகொண்டிருந்த செப்டிக் டேங்க் லாரியை ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஓடை சதுப்பில் விழுந்து, கால்வாயில் சேர்ந்து, அவருடைய காயலுக்குத்தான் வருகிறது. லாரியும் தெரிந்த லாரிதான். காலனிக்கு வழக்கமாக வரும் ஏசுபாதத்தின் லாரி.

அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. "வருஷா வருஷம் நானும் இவனைத்தானேடி கூப்பிட்டேன்?"

இனி அந்த லாரியைக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தார். வேறு லாரிக்கு வழியில்லை. வீட்டுத் தொட்டியோ அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நிரம்பிக் கொல்லையில் வழிந்தது.

"ஏன்னா, நாளன்னிக்குப் பொண்ணுக்குச் சீமந்தம். சம்பந்தி மனுஷா அத்தனை பேரும் வரா. கொல்லைப்பக்கம் கால் வைக்க முடியலை. உங்க சிப்பிக்காக எல்லாரும் மூக்கைப் பிடிச்சுண்டு நிக்கணுமா?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மறுநாள் பட்டுவே ஆள் அனுப்பி ஏசுபாதத்தை வரவழைத்துவிட்டாள்.

தொட்டி காலியாகும்வரை ஸ்ரீநிவாசராகவன் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்கேப்பா கொட்டப்போறே?"

"சாக்கடை பம்பிங் ஸ்டேசன்லதான் சார் ஊத்தணும். அது எம்மாந்தூரம் கீது! போனா வரிசையில வேற நிக்கணும், ஒரே பேஜாரு. யாரு சார் பின்னாடியே வந்து பாத்துகினு கீறாங்க?"

ஸ்ரீநிவாசராகவன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வேஷ்டியை மடித்துக் கட்டி, முன்பக்கக் கதவைத் திறந்தார்.

"ஐயோ! அதுலயா போறேள்?" என்றாள் பட்டு வாசலிலிருந்து.

"பம்பிங் ஸ்டேஷன்வரைக்கும்."

ஏசுபாதத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "சார், சார், இரு! சீட்டெல்லாம் அசிங்கமா கீது" என்று தோளில் கிடந்த துண்டை உருவி இருக்கையில் விரித்தான்.

ஸ்ரீநிவாசராகவன் அந்தத் துண்டை எடுத்து உதறி அவன் தோளிலேயே போட்டார். வெறும் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையாலும் கதவை இழுத்துச் சாத்தினார்.